தூண்டிலுக்கு முன்னால் துடுப்பு

வணக்கம் நேயர்களே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் போனால், காரின் தலையில் நீளமான பிளாஸ்டிக் படகைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். அதுதான் கயாக். ஒருவர் உட்கார்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பைப் போட்டு ஓட்டுவது. இன்ஜின் சத்தம் இல்லாமல் கழிமுகத்தில் ஊர்ந்து போய் ஒரு கொடுவாவைத் தூண்டிலில் இழுக்கும் சுகம் இருக்கிறதே, அதை அனுபவித்தவர்கள் விடமாட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தத் தூண்டில், எந்த இரை என்றுதான். நான் சொல்வது, கொஞ்ச நாளைக்குத் தூண்டிலை வீட்டிலேயே வையுங்கள்.

படகு வாங்குவதாக இருந்தால் மேலே உட்காரும் வகையை வாங்குங்கள். அதன் உடம்பில் மேலிருந்து கீழே ஊடுருவும் துளைகள் இருக்கும். அலை ஏறினால் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகவே வடிந்துவிடும். நம் கட்டுமரமும் இதே கணக்குத்தான். மரங்களுக்கு நடுவே தண்ணீர் வடியும், கவிழ்ந்தாலும் மிதக்கும், ஏறி உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆனால் ஏறத் தெரியவேண்டும். அதனால் மார்பளவு தண்ணீரில், ஒரு துணையோடு, வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். கவிழ்ந்து கிடக்கும் படகின் மேல் படுத்து எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்தால் அது நிமிர்ந்துவிடும். அப்புறம்தான் சிரமம். நேராக நின்றபடி கையால் மட்டும் எழும்பப் பார்த்தால் கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு மறுபடியும் உங்கள் மேல் சாயும். காலை உதைத்து, உடம்பைத் தண்ணீருக்கு மட்டமாகக் கொண்டுவந்துவிட்டு, அந்த உதையோடு வயிற்றை மேலே ஏற்றுங்கள். கொஞ்சம் குப்புறக் கிடந்து மூச்சு வாங்குங்கள். பிறகு புரண்டு உட்காருங்கள். கால்களைக் கடைசியில்தான் உள்ளே எடுக்கவேண்டும். களைத்துப்போன பிறகும் இது வருகிறதா என்று பாருங்கள். அதுவரை தூண்டிலைத் தொடவேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். விழுந்த பிறகு தண்ணீரில் அதை மாட்டுவது பெரும்பாடு. கரையிலேயே போட்டு, தோள் பட்டையைப் பிடித்து இன்னொருவரை மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் அது தளர்வு. இறுக்கிக் கட்டுங்கள்.

சரி, இப்போது காற்றுக்கு வருகிறேன். எவ்வளவு நேரம் கொடுத்தாலும் இதைப் பற்றி மட்டுமே பேசுவேன். சென்னைக் கரைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. ஜூன், ஜூலையில் காலை வேளையில் மேல்காற்று அடிக்கும், அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து. கரையோரத்தில் அந்தக் காற்று தண்ணீரைக் கலக்காது. கடல் வழவழவென்று சாதுவாகத் தெரியும். புதியவர்கள் ஏமாறுவது அங்கேதான்.

கோவளம் பக்கம் அப்படி ஒரு காலையில் இரண்டு இளைஞர்கள் புதுக் கயாக்கை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இன்னைக்கு மேல்காத்து. வேணாம்" என்றார். "கடல் நல்லா இருக்கே தாத்தா" என்றார்கள். அவர் பதில் பேசவில்லை. வலைப்பக்கம் கிடந்த தெர்மாகோல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அலை உடையும் இடத்தைத் தாண்டி மிதக்கவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அது திரும்பவே இல்லை. நிதானமாக, ஒரே நேராக, கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைப் புள்ளியாகி, அதுவும் தெரியாமல் போனது. "கை ஓஞ்சா நீயும் அப்படித்தான் போவ" என்றார். பையன்கள் கயாக்கைத் திரும்பக் காரில் கட்டினார்கள்.

மறுபடியும் சொல்கிறேன், கரையிலிருந்து கடலுக்குக் காற்று அடித்தால் கயாக்கை இறக்காதீர்கள். கடல் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி. துடுப்பை நிறுத்திய நொடியிலிருந்து நீங்கள் விலகிக்கொண்டே இருப்பீர்கள், தூரம் போகப்போக அலையும் பெரிதாகும். கடல் நிலவரத்தைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனமும் வானிலை ஆய்வு மையமும் தினமும் காற்று நிலவரம் தருகின்றன. மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டினால் புதியவர் இறங்கவேண்டாம் என்பது என் கணக்கு. கணக்கைவிட, அன்று கரையில் இருக்கும் மீனவரைக் கேளுங்கள். அவர் படகை இறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

கற்றுக்கொள்ளக் கடல் வேண்டியதே இல்லை. அனுமதி கேட்டுக்கொண்டு உப்பங்கழியில் தொடங்குங்கள். அங்கேயும் முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். திரும்பும்போது கை வலிக்கும், அப்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். முகத்துவாரத்தை ஒட்டிப் போகாதீர்கள், ஓதம் வற்றும் நேரத்தில் தண்ணீர் கடலுக்குள் இழுக்கும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். நங்கூரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஓடும் தண்ணீரில் அதைப் படகின் பக்கவாட்டில் கட்டினால் படகு கவிழும், இப்போதைக்கு நங்கூரமே வேண்டாம். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சின்னக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கையில் ஏறினாலும் சுலபமாக வரும். கெளுத்தியை வெறும் கையால் பிடிக்காதீர்கள். இடி கேட்டால் உடனே கரை, கார்பன் தூண்டில் கழி மின்னலுக்கு ஆபத்து. ஒரு கத்தியும் விசிலும் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும், தண்ணீர் புகாத உறையில் போன். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093. இன்னொரு முறை, 1554, 1093. நன்றி, வணக்கம்.