‘அனான்’ என்றால் எப்போது?

நேயர்களுக்கு வணக்கம். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் அடிக்கடி எதிர்ப்படும் ‘அனான்’ என்ற சின்ன வினையடையைப் பற்றி இன்று பேசலாம் என்றிருக்கிறேன். இன்றைய ஆங்கிலப் பேச்சில் அது அநேகமாக இல்லை. அகராதியைப் புரட்டினால் ‘சற்று நேரத்தில்’ என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பிப் பழைய நூல்களைப் படித்தால் பல இடங்களில் சுவையே போய்விடும்.

1598-இல் அச்சான ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி வருகிறது. இடம் லண்டன், ஈஸ்ட்சீப். மது ஊற்றிக் கொடுக்கும் பையன் பிரான்சிஸை இளவரசர் ஹால் நிறுத்திவைத்துப் பேச்சுக் கொடுக்கிறார். பக்கத்து அறையிலிருந்து தோழன் பாயின்ஸ், ‘பிரான்சிஸ்!’ என்று விடாமல் கூப்பிடுகிறான். இருவரும் முன்பே பேசிவைத்துக்கொண்டதுதான். ஒவ்வொரு அழைப்புக்கும் பையன் ‘அனான், அனான், சார்!’ என்கிறான், ஆனால் நகர முடியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் திகைத்து நிற்கிறான். நம் ஓட்டல்களில் கேட்கும் ‘இதோ வந்துட்டேன் சார்’தான் அது! இன்னும் ஐந்து வருஷம் அங்கே வேலை பழக வேண்டிய அந்தப் பையனை நினைத்தால் எனக்குச் சிரிப்பைவிட இரக்கம்தான் அதிகம் வருகிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ‘ஒன்றில்’ என்ற பொருள் தரும் தொடராகப் பிறந்தது. அதாவது ஒரே மூச்சில், அந்தக் கணமே. ‘உடனே’ என்று சொன்னவர்கள் தாமதிக்கத் தாமதிக்க, சொல்லும் மெல்லத் தளர்ந்து ‘அப்புறம்’ பக்கம் சாய்ந்துவிட்டது. முன்பு ‘உடனே’ என்ற பொருளில் வழங்கிய ‘பிரசன்ட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதே கதிதான்.

இன்று ‘போகப்போக, பிறகு’ என்று பொருள்படும் ‘பை அண்ட் பை’ என்ற தொடரும் அப்படித்தான். மாடத்தில் நிற்கும் ஜூலியட், செவிலி கூப்பிடும்போது முதலில் ‘அனான்’ என்கிறாள், பிறகு ‘பை அண்ட் பை’ என்கிறாள். இரண்டுக்கும் ‘இதோ’ என்றுதான் பொருள். கால்தான் ரோமியோவை விட்டு நகர மறுக்கிறது.

1611-இல் வந்த ஆங்கில வேதாகமத்திலும் இந்த இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. மத்தேயு 13-ஆம் அதிகாரம், விதைக்கிறவன் உவமை. கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் போன்றவன் வசனத்தை ‘அனான்’ சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறான். துன்பம் வந்ததும் ‘பை அண்ட் பை’ இடறிப்போகிறான். தமிழ் வேதாகமம் இரண்டு இடத்திலும் ‘உடனே’ என்றே சொல்கிறது. இன்றைய பொருளில் படித்தால், துன்பம் வந்த பிறகும் அவன் கொஞ்சநாள் தாக்குப்பிடித்துவிட்டு மெதுவாக விலகினான் என்று ஆகிவிடும். ஆனால் வேரில்லாத பயிர் அது. வெயில் ஏறியதுமே காய்ந்துவிடுகிறது.