கல்லில் இருந்த இடத்திலேயே

வணக்கம். அலைபேசியில் உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்து நிற்கும். எகிப்தியச் சித்திர எழுத்துகள் அப்படி நிற்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கேதான் வருவேன்.

துட்டன்காமுன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டம் போட்ட நோட்டில் அந்தப் பெயரை முதன்முதலாக வரைந்து பார்த்தபோது எனக்கு ஒரு மத்தியானமே போயிற்று. நீள்வட்டக் கோட்டுக்குள் மன்னன் பெயர். முதலில் ஒரு நாணல் இலை. பக்கத்தில் காய்கள் அடுக்கிய ஆட்டப் பலகை, அதன் ஒலி ‘மன்’. பலகைக்கு நேர் கீழே நீரலை, அது ‘ன்’. பலகையிலேயே ‘ன்’ இருக்கிறதே என்பீர்கள். ஆமாம், அலை அதை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்தால் அமுன், கடவுளின் பெயர். துட்டன்காமுனில் அமுன் கடைசியில் அல்லவா வரவேண்டும்? சொல்லும்போது கடைசிதான். எழுதும்போது முதலிடம். கடவுளுக்குத் தரும் மரியாதை! அன்றைக்கு இது புரிந்தபோது நோட்டை மூட மனம் வரவில்லை.

சரி, கணினிக்கு வருவோம். எகிப்தியல் அறிஞர் ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கண நூலின் குறிப்பட்டியலை முக்கிய அடிப்படையாகக் கொண்டு, கணினிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துப் பட்டியலான யூனிகோடில் 2009இல் 1,071 குறிகள் ஏறின. நாணல் உண்டு, பலகை உண்டு, அலை உண்டு. ஆனால் அலை பலகைக்குக் கீழே என்று சொல்ல அதில் வழியில்லை. மூன்றும் வரிசையில் நின்றன. நான் சொன்னேனே, இவை வரிசையில் நிற்பவை அல்ல!

எகிப்தியல் அறிஞர்கள் இதற்கு 1988இலேயே ஒரு குறிமுறை வகுத்திருந்தார்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே முக்காற்புள்ளி வைத்தால் ஒன்றின் கீழ் மற்றொன்று. நட்சத்திரக் குறி வைத்தால் அக்கம்பக்கம். எளிமையான ஏற்பாடு. ஆனால் அதற்கென்று உள்ள மென்பொருள் வேண்டும். சாதாரண உரையிலேயே அடுக்குவதற்கான ஒன்பது கட்டுப்பாட்டுக் குறிகள் யூனிகோடுக்கு 2019இல்தான் வந்தன. பத்து ஆண்டுக் காத்திருப்பு. அப்போதுதான் அந்த அலை பலகைக்குக் கீழே போக வழி பிறந்தது. எழுத்து மட்டும் போதாது, அது நிற்கும் இடமும் எழுத்துதான் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கல் சிதைந்த இடத்தைக் காட்டும் குறிகள் 2022இல் வந்தன. அப்புறம் 2024இல் இன்னும் 3,995 சித்திரங்கள் சேர்ந்தன. எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் காலத்து எட்ஃபு கோயில் சுவர்களைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். இன்னொரு நாள் பேசுவோம். வணக்கம்.