இரைச்சலுக்கும் காது கொடுங்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நூலகர் அம்மா அவர்களே, வரவேற்றுப் பேசிய வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, கரண்ட் போனால் கூட்டம் கலையக்கூடாது என்று ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தமிழாசிரியர் ஐயா அவர்களே! ஐயாவிடம் நான் பத்தாம் வகுப்பு படித்தேன். அவர் கையால் போர்த்தப்பட்ட இந்தத் துண்டைக் கடைசிவரை வைத்திருப்பேன். அப்புறம், மைக் செட் போட்டிருக்கும் தம்பி அவர்களே! அழைப்பிதழில் உங்களைக் குறிப்பிட விட்டுப்போயிற்று. ஆனால் என் பேச்சே மைக் செட்காரர்களைப் பற்றியதுதான். அனைவருக்கும் வணக்கம்.

இரைச்சல் இசை, அதாவது வெறும் சத்தத்தையே இசையாக வாசிப்பது, அதைப் பற்றி மூன்று சேதி சொல்ல வந்தேன். அது எங்கே பிறந்தது, அதை எப்படிக் கேட்பது, அந்த இசை பதிந்த கேசட்டுகளை யார் விற்கிறார்கள், காசு யார் கைக்குப் போகிறது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்பார்கள். தமிழாசிரியர் ஐயா வாரத்துக்கு நாலு தடவை சொல்வார். நான் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: இசை செவிப்பழக்கம்.

1913இல் இத்தாலியில் லுயிஜி ரஸ்ஸோலோ என்ற ஓவியர், இயந்திரங்களின் சத்தமும் இசைக்கு உரியது என்று அறிக்கை எழுதினார். கூம்பு வைத்த பெட்டிகள் செய்து, அவற்றை உறுமவும் சீறவும் வைத்தார். அங்கிருந்து நேரே ஜப்பானுக்குப் போய்விடுவோம். 1979இல் டோக்கியோவில் மசாமி அகிதா என்பவர் மெர்ஸ்போ என்ற பெயரில் இந்த இரைச்சல் இசையைத் தொடங்கினார். 2000இல் அவருடைய பதிவுகள் 50 சிடிக்கள் கொண்ட ஒரே பெட்டியாக வந்தன. இன்னும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறார். இன்கபாசிடன்ட்ஸ் என்று இன்னொரு குழு. இரண்டே பேர். ஒருவர் வங்கியில் வேலை பார்த்தவர், மற்றவர் அரசு அலுவலகத்தில். பகலில் கணக்கு, ராத்திரியில் ஆம்ப்ளிஃபயர்.

அது என்ன சத்தம் என்று கேட்பீர்கள். உங்களுக்கெல்லாம் தெரிந்த சத்தம்தான். எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழா. மைக் செட் அண்ணன் புளியமரத்தில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார். வயர் சுற்றுவது என் வேலை. பூசாரி ஏதோ அறிவிக்க வந்தார். மைக்கை வாங்கிக்கொண்டு ஸ்பீக்கருக்கு நேர் எதிரே போய் நின்றுவிட்டார். கூ என்று ஒரு ஊளை! குழந்தைகள் அழ, கிழவிகள் காதைப் பொத்த, பூசாரி பதறிப்போய் மைக்கின் தலையைக் கையால் மூடினார். ஊளை இன்னும் ஏறியது. அண்ணன் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்து கத்துகிறார்: “சாமி, பொத்தாதீங்க! பொத்தினா இன்னும் கத்தும்!” யார் காதில் விழும்?

கூத்து முடிந்து எல்லாரும் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “மைக்ல போன சத்தம் குழாய்ல வருது. குழாய்ல வந்தது திரும்ப மைக்குக்குப் போவுது. சுத்திக்கிட்டே இருக்குடா, அதான் கத்துது” என்றார். சவுண்டை நன்றாகக் குறைத்து மைக்கை என் கையில் கொடுத்தார். ஒரு அடி முன்னால் வைத்தால் குரல் மெலிந்து ஏறும். பக்கவாட்டில் திருப்பினால் தேய்ந்து போகும். கையைக் குவித்தால் வேறு ஒரு குரல். விடியும்வரை நான் அதை விடவில்லை. பல வருஷம் கழித்து ஜப்பான் பதிவு ஒன்றை முதல்முதலாகக் கேட்டபோது எனக்கு அந்தப் புளியமரத்தடிதான் வந்தது. ஊளையைத் தவறாக நினைத்து அணைக்காமல், அதைப் பிடித்து வளைத்து வாசிக்கிறார்கள்.

கேட்பது எப்படி? முதலில் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். தகரக் கூரையில் மழை பெய்கிறபோது கொஞ்ச நேரத்தில் பெரிய துளி வேறு, சிறு துளி வேறு என்று பிரிந்து கேட்கும் அல்லவா, அதே மாதிரிதான். செவிப்பழக்கம்.

நம் நாட்டுச் சேதி ஒன்று சொல்ல வேண்டும். 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் மூக் சிந்தசைசர் என்ற, மின்சாரத்தால் சத்தம் உண்டாக்கும் கருவியை வைத்து ஒரு ஒலிக்கூடம் அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்த அதே அம்மையார்தான். சில வருஷத்தில் கூடம் நின்றது. அதில் பதிந்த நாடாக்கள் அங்கேயே கிடந்தன. பால் பர்காஸ் என்ற இசைக்கலைஞர் தேடி எடுத்து, 2023இல் வெளியிட்டார். ஐம்பது வருஷம் காத்திருந்த சத்தம்!

அந்த நாடாக்கள் தப்பித்தன. நம் வீட்டு நாடாக்கள்? எங்கள் ஆத்தா பாடிய ஒப்பாரி ஒரு கேசட்டில் இருந்தது. பரணில் ஈரம் ஏறி, நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்து, பிளேயரில் போட்டதும் கிறீச்சிட்டு ஒட்டிக்கொண்டது. பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன். கையோடு வந்தது அறுந்த நாடா.

அதனால்தான் நூலகர் அம்மா முன்னால் இதை வைக்கிறேன். இந்த நூலகத்தில் நல்ல கேசட் பிளேயர் ஒன்று, ஹெட்ஃபோன் இரண்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு வயர். இவ்வளவுதான் கேட்கிறேன். பிளேயரை நான் தருகிறேன். திருவிழா, வில்லுப்பாட்டு, கல்யாண வீடு, எதைப் பதிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். வெறும் இரைச்சல்தான் இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செவி பழகினால் அந்த இரைச்சலுக்குள் யார் பேசுகிறார்கள் என்று தெரியும். வாசலில் மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது, பெயரும் கேசட் எண்ணிக்கையும் எழுதிவிட்டுப் போங்கள்.

மணி ஆகிவிட்டது என்று தலைவர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது சேதியை இன்னொரு நாள் பேசலாம். தம்பி, அந்த கேசட்டைப் போடுங்கள். ஆறு நிமிடம்தான். சவுண்டைக் குறைத்தே வையுங்கள், பாட்டிமார் இருக்கிறார்கள்.