வெயிலில் காளான் உலர்த்தியவர்

அனைவருக்கும் வணக்கம்.

1223-ல் தோகென் என்ற இளம் துறவி ஜப்பானிலிருந்து சீனாவுக்குக் கப்பலேறினார். தியான்துங் மடத்தில் தங்கியிருந்தபோது ஒருநாள் உச்சி வெயிலில், புத்தர் கூடத்துக்கு முன்னால் மடத்தின் சமையல்காரர் காளான் உலர்த்திக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கையில் மூங்கில் கோல், தலையில் தொப்பி இல்லை. வில்லாக வளைந்த முதுகு. வயது 68. தோகெனுக்கு மனசு கேட்கவில்லை. “உதவியாளர் யாரையாவது செய்யச் சொல்லலாமே?” என்றார். “பிறர் நான் அல்லவே” என்றார் பெரியவர். “சரி, இந்த வெயிலில் எதற்கு?” “வேறு எப்போது செய்வது?”

தோகென் வாயடைத்துப் போனார். பிற்பாடு, 1237-ல், மடத்துச் சமையல்காரர்களுக்கென்றே எழுதிய நூலில் இதை அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதில் என்னை ரொம்ப நாள் படுத்தியது. பேதமில்லை என்று சொல்கிற ஜென் மரபில் ஒருவர் ‘பிறர் நான் அல்ல’ என்று எப்படிச் சொல்லலாம்? அப்புறம்தான் நமக்குப் பழகிய சொல்லையே உற்றுப் பார்த்தேன். அத்வைதம் என்றால் ‘இரண்டில்லை’. ‘ஒன்று’ என்று அந்தச் சொல் சொல்லவே இல்லை. ஜென்னிலும் அப்படித்தான், ‘இரண்டல்ல’ என்பார்கள். எல்லாம் ஒன்று என்றால் உங்கள் முழங்கால் வலி எனக்கும் வலிக்க வேண்டுமே! அந்தப் பெரியவர் யாரோடும் கரைந்துவிடவில்லை. அவருக்கும் காளானுக்கும் நடுவே எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

நான் விடியற்காலையில் சுவரைப் பார்த்து அரை மணி நேரம் உட்காருகிறேன். கண் பாதி திறந்திருக்கும். வெளிமூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வேண்டும். நாலு, ஐந்தில் தவறிவிடும், மறுபடி ஒன்று. பல வருடம் மூச்சுக்குக் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். காவல்காரன் ஒருவன், மூச்சு இன்னொன்று. அங்கேயே இரண்டாகிவிட்டது.

ஒருநாள் எதிர்வீட்டு மாடித்தொட்டி நிறைந்து, தண்ணீர் தகரக் கூரைமேல் கொட்டியது. முதலில் எரிச்சல்தான். பிறகு எண்ணிக்கை நின்றது, எரிச்சலும் போய்விட்டது. தகரத்தில் தடதடவென்று தண்ணீர். கேட்கிறவன் என்று தனியாக யாரையும் காணோம். எவ்வளவு நேரமோ தெரியாது. ‘ஆகா, இதுதானா!’ என்று ஓர் எண்ணம் வந்தது. நான் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போய், “அம்மா, மோட்டாரை நிறுத்துங்க” என்று குரல் கொடுத்தேன்.