உங்கள் பிள்ளை நிற்கும் வரிசை எது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஒரே பேச்சுதான். ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) இவ்வளவு, எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) இவ்வளவு, ஏபி பாடங்கள் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) இத்தனை. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களான கலிபோர்னியாவின் பெர்க்லி கிடைக்குமா, டெக்சாஸின் ஆஸ்டின் கிடைக்குமா, மிச்சிகனின் ஆன் ஆர்பர் கிடைக்குமா? கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்குப் பல வருடங்களாக உதவி வருகிறேன். என்னிடம் வரும் கேள்வியும் இதுவேதான். ஆனால் அந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) கேட்கப் போகிறான், எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநில மக்களுக்காக நடப்பவை. யாரைச் சேர்க்கலாம் என்பதில் மாநிலச் சட்டத்துக்கும் ஒரு கை உண்டு. டெக்சாஸைப் பாருங்கள். அந்த மாநிலப் பள்ளிகளில் தம் வகுப்பின் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று 1997-ல் சட்டம் போட்டார்கள். ஆஸ்டின் வளாகம் அதனாலேயே நிரம்பி வழிந்தது. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, டெக்சாஸ் மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதத்தை இந்த வழியில் நிரப்பினால் போதும் என்றார்கள். அதனால் ஆஸ்டினுக்கு மட்டும் வரம்பு மொத்தத்தில் இறங்கி வந்து, பல வருடங்கள் 6 சதவீதத்தில் நின்றது. 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு 5 சதவீதம். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் எல்லாருக்கும் சேர்த்துப் பத்தில் ஒரு பங்கு இடம்தான். டெக்சாஸில் வகுப்பில் மூன்றாவதாக நிற்கும் பெண்ணும், அதே மதிப்பெண்ணோடு நியூ ஜெர்சியில் இருந்து விண்ணப்பிக்கும் பெண்ணும் ஒரே பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். ஆனால் நிற்கும் வரிசை வேறு.

வட கரோலினாவில் வெளிமாநில மாணவர்களுக்கு 18 சதவீதம் என்ற வரம்பு நீண்ட காலம் இருந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் 2017-ல் வரம்பு வகுத்தது. மிச்சிகனிலோ இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியே இருந்து வருபவர்கள்.

இதனால்தான் பல்கலைக்கழகத்தின் மொத்த சேர்க்கை விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். கணக்குக்காக ஒரு பல்கலைக்கழகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உள்மாநிலத்தில் இருந்து 10,000 பேர் விண்ணப்பித்து 5,000 பேருக்கு இடம். வெளியில் இருந்து 30,000 பேர் விண்ணப்பித்து அவர்களிலும் 5,000 பேருக்கு இடம். மொத்தத்தில் 25 சதவீதம். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைக்கு அது 50 சதவீதம், வெளியூர்ப் பிள்ளைக்கு ஏறத்தாழ 17. அந்த 25 யாருக்குமே பொருந்தவில்லை.

அடுத்தது மேஜர். நம் வீடுகளில் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சயன்ஸ், இல்லாவிட்டால் எஞ்சினீயரிங். இங்கேதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். டெக்சாஸின் அந்தச் சட்டம் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறதே தவிர, கேட்ட மேஜரில் இடம் தருவதில்லை. இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்னிலும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கென்று தனியாகத் தேர்வு நடக்கிறது. அதற்கான விகிதம் மொத்த விகிதத்தைவிட மிகவும் குறைவு. 'வேறு ஏதாவது பாடத்தில் நுழைந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம்' என்ற யோசனையைத் தயவுசெய்து நம்பி இறங்காதீர்கள். அந்தக் கதவு சில இடங்களில் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் துறையின் பக்கத்தில் மேஜர் மாறும் விதியைப் படித்துவிடுங்கள்.

சரி, சரியான தகவலை எங்கே தேடுவது? பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. பல்கலைக்கழகத்தின் பெயரோடு சேர்த்துத் தேடினாலே கிடைக்கும். அதில் சி7 என்ற அட்டவணைக்குப் போங்கள். இடப்பக்கம் பாடங்களின் கடினம், ஜிபிஏ, வகுப்பில் இடம், தேர்வு மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், எந்த மாநிலவாசி என்பது என்று வரிசையாக இருக்கும். எதிரே நான்கு கட்டங்கள்: மிக முக்கியம், முக்கியம், கவனிக்கப்படும், கவனிக்கப்படாது. எதைப் பார்க்கிறோம் என்று பல்கலைக்கழகமே குறித்துக் கொடுத்திருக்கிறது. பரிந்துரைக் கடிதத்துக்கு நேரே 'கவனிக்கப்படாது' என்றிருந்தால் ஆசிரியரைத் துரத்த வேண்டாம். 'விண்ணப்பதாரரின் ஆர்வம்' என்ற வரியிலும் அப்படியே இருந்தால், வளாகத்தைப் போய்ப் பார்த்து வந்தது கணக்கில் வராது. கீழே சி9-ல் சேர்ந்தவர்களின் தேர்வு மதிப்பெண் இருக்கும். அங்கே ஓர் எச்சரிக்கை. மதிப்பெண் கட்டாயமில்லாத இடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான் அனுப்புகிறார்கள். அதனால் அந்த எண்கள் சேர்ந்த எல்லாரையும் காட்டுவதில்லை, உயர்ந்தே தெரியும். மதிப்பெண்ணை அனுப்பியவர்கள் எத்தனை சதவீதம் என்பதும் அங்கேயே இருக்கும், சேர்த்துப் படியுங்கள்.

தேர்வு விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வித்தியாசம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒன்பது இளநிலை வளாகங்களும் சேர்க்கை முடிவுக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் எஸ்ஏடி அல்லது அது போன்ற ஒரு தேர்வைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஆஸ்டின் சில வருடங்கள் விட்டுவிட்டு மறுபடி கேட்கிறது. கலிபோர்னியாவுக்கு மட்டும் விண்ணப்பிக்கப் போகும் பிள்ளையை மூன்றாவது முறை எஸ்ஏடி எழுத வைப்பது வீண் வேலை. அந்த நேரத்தில், அந்த விண்ணப்பத்தில் ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் எழுத வேண்டிய நான்கு கேள்விகளில் உட்காரட்டும்.

ஜிபிஏவிலும் ஒரு நுணுக்கம். பள்ளி அட்டையில் உள்ள எண் வேறு, கலிபோர்னியா பல்கலைக்கழகம் கணக்கிடும் எண் வேறு. ஒன்பதாம் வகுப்பு கிரேடு கணக்கில் வராது. பத்தும் பதினொன்றும்தான், அதிலும் 'ஏ முதல் ஜி வரை' என்று அவர்கள் வகுத்த பாடங்கள் மட்டும். ஒரு மாணவி அந்த இரண்டு வருடங்களில் 24 செமஸ்டர் கிரேடு வாங்கியிருக்கிறாள், 20 ஏ, 4 பி என்று வையுங்கள். ஏக்கு 4, பிக்கு 3. மொத்தம் 92, சராசரி 3.83. ஏபி பாடங்கள் 12 செமஸ்டர் படித்திருக்கிறாள். பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கூட்டி 4.33 என்று போடும். கலிபோர்னியாவில் கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர்களுக்கு மட்டும்தான், ஆகவே 4.17. இரண்டும் ஒரே பிள்ளையின் எண்தான், ஆனால் பல்கலைக்கழகம் வெளியிடும் சராசரியோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவதை. வெளிமாநில மாணவர்களுக்கு ஏபி, அதைப் போன்ற ஐபி பாடங்களுக்குத்தான் கூடுதல் புள்ளி. பள்ளியே ஆனர்ஸ் என்று பெயர் வைத்த பாடத்துக்குக் கிடையாது.

பள்ளியின் பழைய வரலாறும் உதவும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தளத்தில், உங்கள் பள்ளியில் இருந்து எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று வளாகவாரியாகப் பார்க்கலாம். மற்ற மாநிலங்களில் பள்ளி கவுன்சிலரைக் கேளுங்கள். பல பள்ளிகளில் முந்தைய வருட மாணவர்களைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடம் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பவர் நர்சிங் கேட்டாரா, நீச்சல் வீரரா என்பது அதில் தெரியாது.

பெற்றோர் போடும் இன்னொரு கணக்கு எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 'ஐந்து இடங்களில் 20 சதவீதம் வாய்ப்பு, அப்படியானால் எங்காவது ஒன்றில் கிடைக்க 67 சதவீதம்' என்கிறார்கள். ஐந்தும் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் என்றால் அது சரி. ஆனால் ஐந்து இடத்திலும் படிக்கப்படுவது அதே பிள்ளையின் அதே பாடங்கள், அதே கட்டுரை, அதே நெருக்கடியான மேஜர். ஓரிடத்தில் குறையாகப்பட்டது மற்ற இடங்களிலும் படலாம். கடினமான இடங்களைப் பத்தாக்கினாலும் பாதுகாப்பு வந்துவிடாது. இடம் ஏறத்தாழ உறுதியான, செலவும் தாங்கக்கூடிய, பிள்ளை மனமொப்பிப் போகக்கூடிய இரண்டு பல்கலைக்கழகங்களை முதலில் முடிவு செய்யுங்கள். அவற்றைப் பட்டியலின் கடைசியில் ஒப்புக்குச் சேர்ப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் ஏப்ரலில் பல பிள்ளைகள் அங்கேதான் போகப் போகிறார்கள்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதைச் சொன்னால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறார்கள், அது நியாயமில்லை. கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரியில்) இரண்டு வருடம் படித்துவிட்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் குறித்த ஜிபிஏவையும் பாடங்களையும் முடித்தவர்களுக்கு எழுத்து மூலம் இடம் உறுதி செய்கின்றன. இதற்கு டிஏஜி என்று பெயர். சில மேஜர்கள் இதில் அடங்காது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோவில் இந்த உறுதி இல்லை, ஆனாலும் அவை ஒவ்வொரு வருடமும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களைச் சேர்க்கின்றன. எந்தப் பாடம் எந்த வளாகத்தில் ஏற்கப்படும் என்பதை அசிஸ்ட் என்ற தளத்தில் பார்க்கலாம். முதல் செமஸ்டர் பாடம் எடுப்பதற்கு முன்பே பாருங்கள். டிஏஜி விண்ணப்பம் செப்டம்பர் மாதத்துக்குள் போக வேண்டும், வழக்கமான விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பாகவே.

வணக்கம்.