ஃப்ரெடி எந்தப் பாகத்தில் பயமுறுத்துவதை நிறுத்தினான்?

[திரையில்: இருட்டு. இரும்புக் குழாயில் கத்தி உரசும் சத்தம் மட்டும்.]

பேய்ப்படத் தொடர் என்றாலே நம்மில் பலரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பாகம் அருமை, இரண்டாவது பரவாயில்லை, அப்புறம் எண் கூடக்கூடப் படம் மோசம். இது எவ்வளவு தூரம் சரி? ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்: 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்'. 1984 முதல் 2010 வரை ஒன்பது படங்கள்.

[திரையில்: 1984 படத்தின் போஸ்டர்]

தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்த சில இளைஞர்கள், கெட்ட கனவு கண்டு தூக்கத்திலேயே இறந்துபோனதாக வந்த பத்திரிகைச் செய்திகளை இயக்குநர் வெஸ் கிரேவன் படித்தார். அதிலிருந்து பிறந்தவன்தான் ஃப்ரெடி க்ரூகர். கனவில் வந்து கொல்வான், கனவில் செத்தால் நிஜத்திலும் சாவு. பேய் பங்களா என்றால் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். தூங்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

முதல் படத்தில் ஃப்ரெடி திரையில் தெரிவது மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் நிழல், சத்தம், சிரிப்பு. குழந்தைகளைக் கொன்றவன், ஊர்ப் பெற்றோர்கள் சேர்ந்து எரித்தவன் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் படத்தின் பலம்.

முடிவு விஷயத்தில் கிரேவனுக்கும் தயாரிப்பாளர் ராபர்ட் ஷேவுக்கும் ஒத்துப்போகவில்லை. கதாநாயகி நான்சி ஃப்ரெடிக்கு முதுகைக் காட்டித் திரும்பியதும் அவன் பலம் போய்விட வேண்டும், கதை அங்கேயே முடிய வேண்டும் என்பது கிரேவனின் எண்ணம். அடுத்த படத்துக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும் என்றார் ஷே. கடைசியில் கதவு திறந்தே இருந்தது. 20 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம், அமெரிக்காவில் மட்டும் சுமார் 2.5 கோடி டாலர் வசூலித்தது. படத்தைத் தயாரித்த, அப்போது சிறிய கம்பெனியாக இருந்த நியூ லைன் சினிமாவுக்கு 'ஃப்ரெடி கட்டிய வீடு' என்றே பெயர் வந்தது.

[திரையில்: 2ஆம் பாகம், நீச்சல் குளக் காட்சி]

அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம். கிரேவன் இல்லை. ஃப்ரெடி கனவைவிட்டு வெளியே வந்து, நீச்சல் குளத்தைச் சுற்றி விழித்திருக்கும் கூட்டத்தைத் துரத்துகிறான். தொடரின் ஒரே விதி இங்கே உடைந்தது. ஆனாலும் வசூல் கூடியது.

[திரையில்: 3ஆம் பாகம், மனநல மருத்துவமனைத் தாழ்வாரம்]

இப்போது 1987க்கு வருவோம். நம்முடைய கணக்குப்படி மூன்றாம் பாகம் இன்னும் மோசமாக இருக்க வேண்டும். இல்லை! இயக்கியவர் சக் ரஸல். திரைக்கதைக்குக் கிரேவன் திரும்பி வந்தார், நான்சியாக ஹெதர் லாங்கென்காம்ப்பும் வந்தார். மருத்துவமனையில் அடைபட்ட பிள்ளைகள் தங்கள் கனவைச் சொல்கிறார்கள், பெரியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். ஒரு பையனின் நரம்புகளையே கயிறாக இழுத்து, பொம்மலாட்டப் பொம்மை மாதிரி அவனைக் கோபுர உச்சிவரை ஃப்ரெடி நடத்திக் கூட்டிப்போவான். பார்க்கிறவர்களுக்கு அது தூக்கத்தில் நடப்பதாகத்தான் தெரிகிறது. இந்தத் தொடரிலேயே என்னை அதிகம் உலுக்கிய காட்சி இதுதான்.

இதே படத்தில், டிவிப் பெட்டிக்குள்ளிருந்து ஃப்ரெடி தலையை நீட்டி ஒரு நக்கல் வசனம் பேசுவான். நடிகர் ராபர்ட் இங்லண்ட் அந்த இடத்திலேயே சேர்த்த வசனம் அது. ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள். சரிவு இங்கேதான் தொடங்கியது என்பது என் கருத்து, அதுவும் தொடரின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றுக்குள்ளேயே. கொலைகாரன் வாய் திறந்ததும் கைதட்டல் கிடைத்தால், அடுத்த படத்தில் அவன் இன்னும் அதிகம் பேசத்தானே செய்வான்?

[திரையில்: 4ஆம் பாகம், கடற்கரை]

பேசினான். 1988இல் வந்த நான்காம் பாகத்தில் பட்டப்பகலில், கடற்கரையில், கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறான். வசூல் சுமார் 4.9 கோடி டாலர், அதுவரை வந்தவற்றில் அதிகம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாரும் தூங்கப் பயந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. பொம்மை, டிவித் தொடர் என்று ஃப்ரெடி வீட்டுப் பிள்ளைகளுக்கே பழகியவனாகிவிட்டான். வசூல் ஏறும்போதே பயம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதால்தான் நம் கணக்கு குழம்புகிறது.

ஐந்தாம் பாகம் 1989இல், ஏறக்குறைய ஒரே ஆண்டு இடைவெளியில். வசூல் பாதிக்கும் கீழே. ஆறாவதில் ஃப்ரெடிக்கு மனைவி, மகள், கொடுமையான சிறுவயது என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்தார்கள். முதல் படத்தில் நமக்குத் தெரியாமல் இருந்த அத்தனையும் தெரிந்துவிட்டது. இதுவே கடைசி என்று விளம்பரம் செய்ததால் கூட்டம் மட்டும் வந்தது.

[திரையில்: 1994, 'நியூ நைட்மேர்']

ஏழாவதை மீண்டும் கிரேவனே எழுதி இயக்கினார். லாங்கென்காம்ப் இதில் லாங்கென்காம்ப்பாகவே, ஒரு நடிகையாக, ஒரு தாயாக வருகிறார். கிரேவன், ஷே, இங்லண்ட் எல்லோரும் அவரவராகவே வருகிறார்கள். ஃப்ரெடி கதைகள் ஒரு பழைய தீமையைச் சிறைப்பிடித்து வைத்திருந்தன, கதையை நிறுத்தியதும் அது வெளியே வந்துவிட்டது என்பதுதான் கரு. அந்தச் சமயத்தில், 1994 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலஸ் நார்த்ரிட்ஜில் நிஜமாகவே பெரிய நிலநடுக்கம் வந்தது. அதில் இடிந்த இடங்கள் படத்திலேயே இருக்கின்றன. ஃப்ரெடி இதில் ஜோக் அடிப்பதைக் குறைத்துக்கொண்டான். எனக்கு இது முதல் படத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்த படம். ஆனால் வசூல் 2 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. ஒன்பது படங்களில் இதற்குத்தான் மிகக் குறைவு.

[திரையில்: 2003, 2010 போஸ்டர்கள், அடுத்தடுத்து]

2003இல் ஃப்ரெடியும், 'ஃப்ரைடே தி 13த்' என்ற இன்னொரு பேய்ப்படத் தொடரின் கொலைகாரன் ஜேசனும் மோதிய படம் வசூலில் எல்லாவற்றையும் தாண்டியது. 2010 மறுஆக்கமும் பணம் பார்த்தது, ஆனால் அதற்கு அடுத்த பாகம் வரவே இல்லை.

இந்தத் தொடரைப் புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்பதையும் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. 1984, அப்புறம் 1987, அப்புறம் நேராக 1994க்கு வாருங்கள். மூன்றிலும் கிரேவனின் எழுத்து உண்டு, மூன்றிலும் லாங்கென்காம்ப் உண்டு. 1984இல் ஃப்ரெடியை எதிர்த்து நின்ற அந்தப் பெண், பத்து வருடம் கழித்துத் தன் மகனைக் காப்பாற்ற அவனை எதிர்த்து நிற்பதைப் பாருங்கள்.