கடைசிப் பெட்டியில இருந்து பாத்தது

வணக்கம் நேயர்களே. ரேடியோவுக்கு வந்து கதையுங்கோ எண்டு கேட்டவுடன எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, வேலை செஞ்ச காலம் முழுக்க என்னை ஒருத்தரும் கதைக்கச் சொன்னதில்ல, கொடியைக் காட்டு விசிலை ஊது அவ்வளவுதான். நான் ரயில்ல கார்ட் வேலை பாத்து ரிட்டையர் ஆன ஆள். ட்ரைவர் முன்னுக்கு, நான் கடைசிப் பெட்டியில. இப்ப இருக்கிறது கொழும்பு வெள்ளவத்தையில, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவால தண்டவாளம் ஓடுது, அதால பென்ஷன் எடுத்தும் ரயில் என்னை விடேல்ல.

இண்டைக்குக் கதைக்கச் சொன்னது ரயில் கடவை, அதுதான் ரோட்டு தண்டவாளத்தைக் கடக்கிற இடம், அங்க நடக்கிற விபத்துகளைப் பத்தி. நியூஸில கேட்டிருப்பீங்கள், பாதுகாப்பற்ற புகையிரதக் கடவையில் முச்சக்கரவண்டி மோதி இன்னார் பலி, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொள்கின்றனர், முடிஞ்சுது, அடுத்தது வானிலை. அந்த ரெண்டு வரிக்கு உள்ளுக்க என்ன நடக்குது எண்டதைத்தான் நான் சொல்லலாம், வேற பெரிய படிப்பு எனக்கில்ல.

கார்ட் வேனுக்குள்ள வட்டமா, மணிக்கூடு மாதிரி ஒண்டு இருக்கும், வக்யூம் கேஜ். பழைய ரயில்களில பிரேக் குழாய்க்குள்ள காத்தை உறிஞ்சி எடுத்து வச்சிருக்கும் வரைக்கும்தான் சில்லு சுழலும், காத்து உள்ளுக்கு வந்தா பிரேக் பிடிச்சிரும். குழாய் அறுந்தாலும் ரயில் தானா நிக்கட்டும் எண்டுதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கினம். ட்ரைவர் அவசரத்துக்கு பிரேக்கைப் போட்டாரெண்டா அந்த முள்ளு சடாரெண்டு கீழ விழும். கூடவே ஹோன், நீளமா, விடாம. முன்னால மனுசனா மாடா பஸ்ஸா ஒண்டும் எனக்குத் தெரியாது, முள்ளு விழுந்திட்டுது எண்டது மட்டும்தான் தெரியும், அதுக்குப் பிறகு ஒரு நாலைஞ்சு செக்கன் பெட்டிக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு காத்துக்கொண்டு நிக்கிறது. அந்த நாலைஞ்சு செக்கன் இப்பவும் சில நாள் நித்திரையில வரும்.

ரயில் உடன நிக்காது. இதைச் சொன்னா எல்லாரும் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவினம், ஆனா விளங்கிறதில்ல. 80 கிலோமீட்டர் வேகத்தில ஓடுற ரயில் ஒரு செக்கனுக்கு 22 மீட்டர் போகுது, முழு பிரேக் போட்டாலும் நிக்கிறதுக்கு அரைக் கிலோமீட்டர் அளவில வேணும், பாரமும் இறக்கமும் மழையும் சேந்தா இன்னும் கூட. இரும்புச் சில்லு இரும்புத் தண்டவாளத்தில ஓடுது, டயர் மாதிரி ரோட்டைக் கவ்விப் பிடிக்காது. அதால ட்ரைவர் உங்களைக் கண்டு பிரேக் போடுறார் எண்டா உங்களைக் காப்பாத்தப் போறார் எண்டு அர்த்தமில்ல, அவரால செய்யக்கூடியது அது மட்டும்தான், அதுதான் அர்த்தம்.

ட்ரைவர் முன்னுக்கு இருந்தாலும் அடிபட்ட இடத்தை ரயில் தாண்டிப் போய்த்தான் நிக்குது. அப்ப அந்த இடத்துக்குக் கிட்ட இருக்கிறது கடைசிப் பெட்டி. இறங்கி நடந்து போய் முதல்ல பாக்கிறது நான்.

ஒருக்கா, எந்த இடமெண்டு சொல்லேல்ல, பொழுது பட்ட நேரம், ஒரு ஓட்டோ. மோதின வேகத்தில பக்கத்துக் காணிக்குள்ள போய்க் கிடக்கு. ஆள் இல்ல, போயிட்டார். ஆனா ஓட்டோவின்ர சிக்னல் லைட் மட்டும் டிக் டிக்கெண்டு பத்தி அணைஞ்சுகொண்டு இருக்கு, வலப்பக்கம் திரும்பப் போறன் எண்டு சொல்லிக்கொண்டு. நான் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான், மிச்சத்தைப் பாக்க ஏலாம. பிறகு வேலை ஞாபகம் வந்தது. பின்னால வேற ரயில் வந்து எங்களில மோதாம இருக்கவேணும், அதுக்குக் கார்ட் சிகப்புக் கொடியும் தண்டவாளத்தில வைக்கிற வெடியும் எடுத்துக்கொண்டு வந்த பாதையிலயே திரும்பி நடக்கவேணும். வெடி எண்டா சின்னது, சில்லு ஏறினா டப்பெண்டு சத்தம் போட்டு அடுத்த ட்ரைவரை எழுப்பும். செத்த மனுசனைக் கடந்து நடந்து போய் வெடி வைக்கிறது, அதுவும் ட்யூட்டி.

பிறகு ரயில் கொன்ட்ரோல் ரூமுக்கு அறிவிக்கிறது, பொலிஸ், ஊர்ச்சனம். கன தடவை அடிபட்ட ஆளை அதே ரயில்லயே ஏத்தி அடுத்த ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறது, வேற வாகனம் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாதெல்லோ. எங்க ஏத்துறது? கார்ட் வேனிலதான். அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நானும் அவரும். சனம் ஜன்னலால தலையை நீட்டி எத்தனை மணிக்குக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போகும் எண்டு கேக்குது, அதையும் பிழையெண்டு சொல்ல மாட்டன், அவைக்கும் வேலை வீடு இருக்கு. அதுக்குப் பிறகுதான் திடீர் மரண விசாரணை, கோட்ஸ், வாக்குமூலம், வருஷக்கணக்கா இழுபடும். லீவு போட்டுட்டு ட்ரைவரும் நானும் போய் நிக்கவேணும், அந்தப் பக்கம் செத்தவரின்ர மனுசி வெள்ளைச் சீலையோட நிப்பா, எங்கட பக்கம் பாக்கமாட்டா.

சரி, கண்ணிருக்கு காதிருக்கு, பிறகேன் சனம் ரயிலுக்கு முன்னால போகுது? குடியும் போனும் ஒரு பங்குதான். கண்ணே எங்களை ஏமாத்துது. லைபோவிட்ஸ் எண்டு அமெரிக்காவில ஒரு மனோதத்துவக்காரர் 1985இல இதைப் பத்தி எழுதினவர், பெரிய பொருள் சின்னப் பொருளைவிட மெதுவா வாற மாதிரித்தான் எங்களுக்குத் தெரியுமாம். ஏர்போட்ல பெரிய ப்ளேன் ஊர்ந்து இறங்கிற மாதிரியும் சின்னது பறந்து வாற மாதிரியும் தெரியுமெல்லோ, அதுதான். நேரா உங்களை நோக்கி வாற ரயில் முதல்ல பெருக்கிறதே தெரியாது, தூரத்தில ஒரு புள்ளி, இன்னும் புள்ளி, பிறகு திடீரெண்டு மலை மாதிரி. அப்ப கிளச்சை விட்டிருப்பீங்கள்.

சத்தமும் அப்படித்தான். எஞ்சின் சத்தம் போடும் எண்டு நினைக்கிறம், ஆனா கொழும்பில ஓடுற பவர் செட், அதுதான் எஞ்சினும் பெட்டியும் ஒண்டாச் சேந்த ரயில், அதில சிலதில எஞ்சின் ஒரு பக்கம்தான், அது பின்னுக்கு இருந்து தள்ளிக்கொண்டு வரேக்க முன்பக்கம் வலு அமைதியா வரும். வெள்ளவத்தை பம்பலப்பிட்டிப் பக்கமெண்டா கடலும் காத்தும் சேந்து இருக்கிற சத்தத்தையும் விழுங்கிப்போடும். அதுக்குமேல ஹெட்செட். பின்னேரம் கடற்கரைக்கு வாற பிள்ளையள் தண்டவாளத்தில நிண்டு போட்டோ எடுக்கிறதைப் பாக்க எனக்கு வயித்தைக் கலக்கும், நான் கத்தினா அங்கிள் ரயில் வந்தாத் தெரியும்தானே எண்டு சொல்லுவினம். ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு அடிக்கு மேல வெளியில நீட்டிக்கொண்டு வாறது கனபேருக்குத் தெரியாது, தண்டவாளத்தை விட்டு விலகிட்டன் எண்டு நினைச்சுக்கொண்டு ஓரத்தில நிக்கிறவர்தான் அடிபடுறார்.

இன்னொண்டு, கரையோரப் பாதை இரட்டைப் பாதை. கொழும்புக்குப் போறது போய் முடிஞ்ச கையோட சனம் கடக்கும், அந்தப் போன ரயில் மறைச்சுக்கொண்டு நிண்டதால மொறட்டுவப் பக்கம் போறது வாறது தெரியாது. நான் இப்பவும் கேட்டடியில நிண்டா முதல் ரயில் போனாப் பிறகும் ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் நடக்கிறது, பின்னால நிக்கிற ஆக்கள் ஏசுவினம், ஏசட்டும்.

வடக்குக் கதை வேற. 1990 ஜூனோட யாழ்ப்பாணத்துக்கு ரயில் நிண்டுபோச்சு. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் சண்டைக்காலப் பங்கருக்குப் போச்சு, பாதை இருந்த இடம் பத்தையா வளந்தது, கொஞ்சம் கொஞ்சமா அது ஒழுங்கையா, சைக்கிள் ஓடுற குறுக்குவழியா மாறிச்சு. திரும்ப 2014 ஒக்டோபர் 13ஆம் திகதி யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வந்தது, பூமாலை, வாழைமரம், சனம் அழுதது, நானும் ரீவியில பாத்து அழுதனான். ஆனா இடையில 24 வருஷம். ரயிலே பாக்காம பிறந்து வளந்து கலியாணம் கட்டின ஒரு தலைமுறை அங்க இருக்கு. எங்கட அப்பு அம்மாச்சிக்கு மெயில் ரயில் எத்தினை மணிக்கு வருமெண்டு உடம்புக்கே தெரியும், அந்த நேரத்தில மாட்டை அங்கால விடமாட்டினம். இந்தப் பிள்ளையளுக்கு அது எங்கயிருந்து வாறது? புதுத் தண்டவாளம் வெல்ட் பண்ணி ஒட்டினது, பழைய தடக் தடக் சத்தம் குறைவு, வேகமும் முந்தியைவிடக் கூட. கடவைகள் நிறைய, கேட் கொஞ்சம். 2019இல கிளிநொச்சியில ஆமிக்காரரின்ர வாகனமே ரயில்ல மோதிச் சிப்பாய்கள் செத்தவை. பயிற்சி எடுத்த ஆக்களுக்கே அப்படியெண்டா தோட்டத்துக்கு லான்ட் மாஸ்டர்ல, அந்தச் சின்ன ரெண்டு சில்லு உழவு மெஷின்ல, போறவரை என்னெண்டு சொல்லுறது.

கேட்டைப் பத்திக் கதைச்சா கேட்காரரைப் பத்தியும் கதைக்கவேணும். நாட்டில கன கடவையில மூங்கில் தடியை ஏத்தி இறக்கிக்கொண்டு நிக்கிறது பொலிஸ் மூலமா எடுத்த தற்காலிக ஆக்கள். அவைக்கு ஒரு நாளைக்கு 250 ரூபா எண்டுதான் கன வருஷமாக் குடுத்தது, அதுக்கு அவை எத்தினை தரம் ஸ்ட்ரைக் பண்ணினவை. 250 ரூபாய்க்கு ஒரு மனுசன் நித்திரை கொள்ளாம நூறு பேரின்ர உயிரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேண்டி இருந்தது. பிழை நடந்தா முதல்ல பிடிபடுறதும் அவர்தான்.

2025 ஜூலை 8, தமிழ்நாட்டில கடலூருக்குக் கிட்ட செம்மங்குப்பத்தில ஸ்கூல் வான் ஒண்டில ரயில் மோதி மூண்டு பிள்ளையள் செத்தது. அங்க கேட் இருந்தது, ஆளும் இருந்தார். ஆனா அந்தக் கேட் இன்டர்லொக் பண்ணினது இல்ல. இன்டர்லொக் எண்டா கேட் பூட்டினாத்தான் ரயிலுக்குப் பச்சை விழும், பூட்டேல்லையெண்டா சிக்னல் சிகப்பிலயே நிக்கும், ட்ரைவர் தூரத்திலயே நிப்பாட்டுவார். மனுசன் பிழை விடுவான் எண்டு தெரிஞ்சுதான் அந்த ஏற்பாடு. அது இல்லாத இடத்தில ஒரு மனுசன் மறந்தா மறந்ததுதான், பிறகு அவரைப் பிடிச்சு உள்ள போடலாம், பிள்ளையள் வரமாட்டுதுகள்.

அதுக்காக எல்லாத்தையும் கேட்டில போடவும் ஏலாது. 2005 ஏப்ரல் 27, பொல்கஹவெலப் பக்கம் யாங்கல்மோதர. ரயிலுக்கு முந்திப் போயிரலாம் எண்டு ஒரு பஸ்ஸைக் கடவைக்குள்ள விட்டது, 35 பேருக்கு மேல செத்துப்போச்சினம். பஸ்ஸுக்குள்ள இருந்த சனம் ஒருத்தரும் முந்தச் சொல்லிக் கேக்கேல்ல. 2016 கடைசியில கடவைக்குள்ள கண்மண் தெரியாம விடுறதும் சேத்து சில குற்றத்துக்கு 25,000 ரூபா தண்டம் எண்டு கொண்டுவர, ப்ரைவேட் பஸ்காரர் ஸ்ட்ரைக் பண்ணினவை. நாங்களும் பஸ் இல்லையெண்டு அரசாங்கத்தை ஏசிப்போட்டு இருந்தம், நான் உட்பட, அண்டைக்கு எனக்கும் க்ளினிக் போகவேண்டி இருந்தது.

ட்ரைவர்மாரைப் பத்திச் சொல்லாம விடேலாது. என்னோட கன வருஷம் ஓடின ஒரு ட்ரைவர், சிங்கள ஆள், நல்ல மனுசன். அவருக்கு ஒரு விபத்து நடந்த கடவை வந்தா ஹோனை விடவேமாட்டார், தாண்டிப் போனாப் பிறகும் அடிச்சுக்கொண்டே இருப்பார், பக்கத்து வீட்டுச்சனம் கடிதம் எழுதி முறைப்பாடு செஞ்சவை. கடைசி வரைக்கும் அவரிட்ட ஏனெண்டு நான் கேக்கேல்ல, முள்ளு விழுறதை நான் பாத்தன், அவர் அடிபட்ட ஆளின்ர முகத்தைப் பாத்திருப்பார்.

நேரம் முடியுதெண்டு தம்பி கண்ணாடிக்கு அங்கால இருந்து கையைக் காட்டுறார், எங்கட கொடி மாதிரித்தான். இந்த நேரம் வாகனம் ஓட்டிக்கொண்டு கேக்கிற ஆக்கள் இருப்பீங்கள், நுகேகொட மஹரகம பக்கமெண்டா களனிவெளிப் பாதையை எப்படியும் ஒருக்காக் கடக்கவேணும். கடவை வந்தா ஜன்னல் கண்ணாடியை இறக்குங்கோ, ரேடியோவை நிப்பாட்டுங்கோ, நான் கதைச்சுக்கொண்டு இருந்தாலும் பரவாயில்ல நிப்பாட்டுங்கோ, ரெண்டு பக்கமும் பாத்துக் கடந்தாப் பிறகு திரும்பப் போடுங்கோ. அதுக்கிடையில நான் போயிருப்பன், பாட்டு ஓடிக்கொண்டு இருக்கும். வணக்கம்.